நாளின் முதல் போல்ட்

காலை ஏழு பத்துக்கே விசாரணை அலுவலகத்தின் வாசலில் போய் நின்றுவிட்டேன். எட்டரைக்குத்தான் கதவு திறக்கும் என்று காவலாளி சொன்னார். பரவாயில்லை என்றேன். லேத் ஓட்டுகிறவனுக்குக் காத்திருப்பது ஒரு வேலையே இல்லை.

நான் போனது ஒரு சின்னப் பிழையைத் திருத்த. மீட்புப்பணி ஹெலிகாப்டர் விழுந்ததைப் பற்றி அவர்கள் வெளியிட்ட அறிக்கையில், நாற்பத்தொன்றாம் பக்கம், மேலிருந்து ஆறாவது வரி. மற்றபடி அது நன்றாக எழுதப்பட்ட அறிக்கை. உடைந்த போல்ட்டை அறுத்துப் பெரிதாக்கிப் படம் போட்டிருந்தார்கள். விரிசல் எங்கே தொடங்கியது, எந்தப் பக்கம் நகர்ந்தது என்று அம்புக்குறி வைத்துக் காட்டியிருந்தார்கள். அதிலெல்லாம் எனக்கு ஒரு குறையும் இல்லை.

ஆறாவது வரி இது: 'அதிர்வையும் கடுங்குளிரையும் ஒருசேரப் பயன்படுத்தி வெட்டும் இம்முறையைக் கண்டறிந்தவர், நிறுவனத்தின் செய்முறைப் பொறியாளர்.'

அது தவறு. கண்டறிந்தவன் நான்.

அந்தப் பொறியாளன் என் தங்கையின் கணவன். அறிக்கை வந்த நாளிலிருந்து, மூன்று வாரமாக, காவலில் இருக்கிறான். ஐந்து உயிர் போனதற்கு அவன்தான் பொறுப்பு என்று அறிக்கை சொல்கிறது. விமானி, துணை விமானி, செவிலி, பிரசவ வலியில் கொண்டுபோகப்பட்ட ஒரு பெண், அவளுடைய கணவன். ஆறு என்றும் எண்ணலாம். அவர்கள் ஐந்து என்று எண்ணியிருக்கிறார்கள். அது அவர்கள் கணக்கு.

தங்கையும் என்னோடு வந்திருந்தாள். நான் போய்ப் பேசினால் அவனை விட்டுவிடுவார்கள் என்று நினைத்தாள். பேசினால் விட்டுவிடுவார்கள்தான். அதனால் அவளை வரவேண்டாம் என்று சொல்லவில்லை. வாசல் பெஞ்சில் ஃபிளாஸ்க்கை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

எங்கள் பட்டறையில் டைட்டானியம் வெட்டுவோம். முரட்டு உலோகம். எடை குறைவு, வலு அதிகம், அதனால் மேலே பறக்கிற எல்லாவற்றுக்கும் அது வேண்டும். வெட்டப் போனால்தான் அதன் குணம் தெரியும். வெட்டும்போது எழும் சூட்டை அது வாங்கிக்கொள்ளாது. அத்தனையையும் வெட்டுகிற டூலின் முனைமேல் தள்ளிவிடும். முனை சிவக்கும், சீவல் அதன்மேலேயே ஒட்டிக்கொள்ளும், எட்டு நிமிடத்தில் டூல் செத்துப்போகும்.

முதலாளி இரண்டு வழி பார்த்தார். முதல் வருடம் திரவ நைட்ரஜன். குழாய் வழியாக வெட்டும் இடத்திலேயே பீய்ச்சுவது. தோலில் பட்டால் தோல் கையோடு வராது, அப்படிப்பட்ட குளிர். சூடு அடங்கியது. ஆனால் குளிரில் உலோகம் இன்னும் இறுகிப்போய், டூல் வெட்டாமல் தேய்த்தது. அடுத்த வருடம் அதிர்வு. கொம்பு என்று நாங்கள் சொல்லும் ஒரு தண்டின் நுனியில் டூலைப் பூட்டி, நொடிக்கு இருபதாயிரம் தடவை அதிரவிடுவது. கண்ணுக்குத் தெரியாது. டூல் உலோகத்தைத் தொட்டுத் தொட்டு விலகும். சீவல் பொடியாக உதிரும். மேற்பரப்பு அழகாக வந்தது, ஆனால் சூட்டில் டூல் போனது. இரண்டு சாதனமும் மூலையில் துணி போர்த்திக் கிடந்தன.

இரண்டையும் ஒரே லேத்தில் சேர்க்கலாம் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. எனக்குத் தோன்றியது.

நான்கு மாதம் ஆயிற்று. மூன்று கொம்பு விரிசல் விட்டது. முதலாளி தலையில் அடித்துக்கொண்டார். சிக்கல் எங்கே என்று நான்தான் பிடித்தேன். கொம்புக்கென்று ஒரு சுருதி உண்டு. அதிர்வுப் பெட்டியின் குமிழைத் திருகி அந்தச் சுருதியோடு சேர்த்தால்தான் அது முழு வீச்சில் அதிரும். குளிரில் கொம்பு இறுகும், அதன் சுருதி ஏறிவிடும். சூடாக இருக்கும்போது சுருதி சேர்த்துவிட்டு அப்புறம் குளிரைத் திறந்தால், வெட்டிக்கொண்டிருக்கும்போதே சுருதி விலகி, பாதியில் அதிர்வு செத்துப்போகும். அதிர்வு போனபின் அந்தக் குளிரில் டூல் தேய்க்கும். பார்வைக்குப் பளபளவென்றுதான் வரும். அளந்தால் அளவும் சரியாக இருக்கும். ஆனால் மேல்தோல் கண்ணாடி மாதிரி ஆகி, அதில் மயிரிழை விரிசல் விழுந்திருக்கும்.

ஆகவே முதலில் குளிரைத் திறக்க வேண்டும். பதினொரு நிமிடம் சும்மா நிற்க வேண்டும். கொம்பு முழுக்க உறைந்தபின் சுருதி சேர்க்க வேண்டும். அந்தப் பதினொன்று எந்தப் புத்தகத்திலும் இல்லை. பத்து போதாது. பன்னிரண்டு வீண். நான் நின்று பார்த்துக் கண்ட எண் அது.

அப்படிச் செய்த முதல் போல்ட்டைப் புகை விலகியபின் கையுறையோடு எடுத்தேன். அதில் என் முகம் தெரிந்தது.

பட்டறையில் என்னைக் 'காது' என்று கூப்பிடுவார்கள். லேத் ஓடும் சத்தத்தை வைத்து டூலுக்கு இன்னும் எவ்வளவு ஆயுள் என்று சொல்லிவிடுவேன். மாப்பிள்ளை ஒருநாள் எல்லார் முன்னாலும் கேட்டான்.

"மச்சான், இருபதாயிரம் அதிர்வு மனுஷக் காதுக்குக் கேக்காது. நாய்க்குத்தான் கேக்கும். நீங்க எந்த வகை?"

எல்லாரும் சிரித்தார்கள். முதலாளியும் சிரித்தார். நானும் சிரித்தேன் என்று நினைக்கிறேன். அதிர்வு கேட்காதுதான். உலோகம் வெட்டுப்படுவது கேட்கும். அதை அங்கே நின்று விளக்கவில்லை.

இவனுக்கு அந்த வேலையை வாங்கிக் கொடுத்தவன் நான். படிப்பு இருந்தது, வேலை இல்லாமல் என் தங்கை வீட்டில் இரண்டு வருடம் பேப்பர் படித்துக்கொண்டிருந்தான். முதலாளியிடம் நான் பேசினேன். வந்த எட்டாம் மாதம் அவன் என் முறையைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினான். அதில் வரைபடங்கள் இருந்தன. மேற்கோள்கள் இருந்தன. முடிவில் நன்றி என்று ஒரு பகுதி இருந்தது. அதில் முதலாளிக்கு நன்றி, நைட்ரஜன் தந்த கம்பெனிக்கு நன்றி, 'பட்டறை ஊழியர்கள் அனைவருக்கும்' நன்றி.

பத்திரிகையிலிருந்து படம் எடுக்க வந்தார்கள். லேத்தின்மேல் ஒரு கையை ஊன்றி அவன் நின்றான். வெளிச்சம் போதவில்லை. என்னை ஒரு விளக்கைத் தூக்கிப் பிடிக்கச் சொன்னார்கள். இருபது நிமிடம் பிடித்தேன். அந்தப் படம் இப்போதும் முதலாளி அறைச் சுவரில் தொங்குகிறது. இடது ஓரத்தில் என் மணிக்கட்டு தெரியும். வாட்ச் தெரியும். மணி பார்க்கலாம்.

அதற்கு அடுத்த வாரம், செய்முறைத் தாள் தயாரிக்க வேண்டும் என்று நோட்டோடு வந்தான்.

"மச்சான், எதுக்கு இந்தப் பதினொரு நிமிஷம்? நைட்ரஜன் சும்மா காத்துல போகுது."

நான் கையைத் துடைத்துக்கொண்டிருந்தேன். "பழக்கம்தான்."

"அப்போ எடுத்துடலாமா?"

"உன் இஷ்டம், மாப்ள. படிச்சவன் நீ."

அவன் சிரித்தான். அவனுக்குச் சிரித்தால் ஈறு தெரியும். "அப்படிச் சொல்லாதீங்க மச்சான், நீங்கதான் எங்க சீனியர்" என்று சொல்லிக்கொண்டே அந்த வரியை அடித்தான்.

தாள் அச்சாகி வந்தது. நைட்ரஜன் வீணாகாமல் இருக்க வரிசையையும் மாற்றியிருந்தான். நான்காவது படி: சுருதி சேர்க்கவும். ஐந்தாவது படி: குளிரைத் திறக்கவும். கடைசியில் 'படித்தேன், ஒப்புக்கொள்கிறேன்' என்ற இடத்தில் என் கையெழுத்தும் வேண்டும் என்றார்கள். படித்தேன். கையெழுத்துப் போட்டேன். என் கையெழுத்து தெளிவாக இருக்கும், அதில் யாருக்கும் சந்தேகம் வராது.

செய்முறைத் தாள் வந்துவிட்டால் யார் வேண்டுமானாலும் ஓட்டலாம். அதற்காகத்தான் தாள். என் லேத்தில் ரேடியோ என்கிற பையனை நிறுத்தினார்கள். அவனுக்கு வாய் ஓயாது, அதனால் அந்தப் பேர். என்னை எண் குத்தும் அறைக்கு மாற்றினார்கள். கழுவி வந்த போல்ட்டை எடுத்து, தலையில் நாலு இலக்க எண்ணைக் குத்தி, பஞ்சில் சுற்றிப் பெட்டியில் வைக்கும் வேலை. உட்கார்ந்த வேலை. வயதான காலத்தில் சௌகரியம் என்று முதலாளி முதுகில் தட்டிச் சொன்னார். எனக்கு அப்போது ஐம்பத்து மூன்று.

ஒரு நாளைக்கு ஆறு போல்ட் வெட்டுவார்கள். ஹெலிகாப்டரின் மேலே சுழலும் இறக்கையை நடுத்தண்டின் தலைப்பகுதியோடு சேர்த்துப் பிடிக்கிற போல்ட். கட்டைவிரல் பருமன், சாண் நீளம். ஆறில் முதலாவதை அளந்து லேத்தைச் சரிபார்ப்பார்கள். மூன்றாவதை அறுத்து உள்ளே பார்ப்பார்கள். மூன்றாவது வருவதற்குள் லேத் நிதானத்துக்கு வந்துவிடும், நாளின் உண்மையான வேலை அதில்தான் தெரியும் என்பது கணக்கு. அந்த வழக்கத்தை ஏற்படுத்தியதும் நான்தான்.

இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று. தாளில் இருந்த தவறு ஆறு போல்ட்டையும் கெடுக்காது. காலையில் கொம்பு அறைச் சூட்டில் இருக்கும். சுருதி சேர்ப்பார்கள், குளிரைத் திறப்பார்கள், வெட்டுவார்கள், பாதியில் அதிர்வு சாகும். முதல் போல்ட் கெட்டுவிடும். இரண்டாவதற்கு மறுபடி சுருதி சேர்க்கும்போது கொம்பு ஏற்கெனவே உறைந்திருக்கும். அதனால் இரண்டாவதிலிருந்து எல்லாம் சரியாக வரும். நாளுக்கு ஒன்று. அறுத்துப் பார்க்கிற மூன்றாவது எப்போதும் தங்கம். ஒரு நாளும் சோதனையில் தவறவில்லை. மாப்பிள்ளை அந்தச் சோதனைத் தாள்களைக் கோப்பில் வரிசையாகக் குத்தி வைத்திருந்தான்.

கழுவும்போது போல்ட்டுகள் கலந்துவிடும். எது முதலாவது, எது நான்காவது என்று யாருக்கும் தெரியாது. எனக்குத் தெரியும். ஸ்க்ரூடிரைவர் பிடியால் ஒரு தட்டுத் தட்டினால் நல்ல போல்ட் நீளமாகப் பாடும். கெட்டது இருமும்.

முதல் நாள், அறுத்தது போக ஐந்து போல்ட் என் மேசைக்கு வந்தது. தட்டினேன். மூன்றாவதாகக் கையில் எடுத்தது இருமியது. கொஞ்ச நேரம் கையில் வைத்திருந்தேன். டைட்டானியம் கையில் வைத்தால் சீக்கிரம் உடம்புச் சூட்டுக்கு வந்துவிடும். அப்புறம் எண்ணைக் குத்தினேன். நாலாயிரத்து மூன்று.

ரேடியோ கதவருகே நின்று பார்த்துக்கொண்டிருந்தான். "என்னண்ணே, பானையா வாங்குறீங்க? தட்டித் தட்டிப் பாக்குறீங்க?"

"ஓட்டை இருக்கான்னு பாக்குறேன்."

"இருக்கா?"

"உன் வாயைவிடச் சின்னதுதான்."

சிரித்துக்கொண்டே போய்விட்டான். நல்ல பையன். அவன்மேல் எனக்கு எந்த வருத்தமும் இல்லை.

நான் எதற்காகக் காத்திருந்தேன் என்று கேட்பீர்கள். ஒரு போல்ட் வாடிக்கையாளரின் சோதனை மேடையில் உடையும் என்று நினைத்தேன். மேடையில்தான். அங்கே மனிதர்கள் இல்லை. உடைந்தால் திருப்பி அனுப்புவார்கள், முதலாளி கத்துவார், எங்கே தப்பு என்று அவனுக்குத் தெரியாது, கடைசியில் என் அறைக்கு வருவார்கள். வந்து கேட்பார்கள். நான் பதினொரு நிமிடம் என்று சொல்வேன். எனக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான். இதில் பெரிய ஆசை எதுவும் இல்லை.

மேடையில் எதுவும் உடையவில்லை. அங்கேயும் பெட்டியில் கைக்கு வந்த ஒன்றை எடுத்துச் சோதித்திருப்பார்கள். ஐந்தில் நான்கு நல்லது. அதிர்ஷ்டம் அவன் பக்கம் இருந்தது. அவனுக்கு எப்போதும் அப்படித்தான்.

பத்தொன்பதாம் நாள் காலை அவன் என் அறைக்கு வந்தான். உட்காரவில்லை.

"மச்சான், ஒரு தடவை வந்து காதைக் கொடுங்களேன். காலையில முதல் போல்ட்டுக்கு டூல் சீக்கிரம் மழுங்குது. மத்த அஞ்சுக்கும் நல்லா இருக்கு. எனக்கு ஒண்ணும் பிடிபடல."

"நாய்க்குத்தானே கேக்கும்."

அவனுக்குச் சட்டென்று புரியவில்லை. புரிந்ததும் முகம் சிவந்தது. "அது ஏதோ விளையாட்டுக்குச் சொன்னது மச்சான். மனசுல வெச்சுக்கிட்டீங்களா? வாங்க, ப்ளீஸ்."

போனேன். அன்று தாமதமாக ஆரம்பித்திருந்தார்கள், முதல் போல்ட்டை அப்போதுதான் லேத்தில் பிடித்திருந்தார்கள். ரேடியோகூட வாயை மூடிக்கொண்டு நின்றான். குளிர்ப்புகை தரையில் படர்ந்தது. பட்டுத்துணி கிழிகிற மாதிரி ஒரு சத்தம் வரும், சரியாக வெட்டும்போது. அப்படித்தான் தொடங்கியது. பாதி நீளம் தாண்டியபோது துணி நின்றுவிட்டது. அதற்குப் பதில் பல்லைக் கடிக்கிற சத்தம். மிக மெல்லியது. எனக்கு மட்டும் கேட்டது. அந்த இடத்தில் என் கையை நீட்டி நிறுத்தும் பொத்தானை அழுத்தியிருக்கலாம். பொத்தான் என் இடுப்பு உயரத்தில், வலது பக்கம் இருந்தது. அதை அங்கே வைக்கச் சொன்னவனும் நான்.

போல்ட் முடிந்தது. எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.

"எப்படி இருக்கு மச்சான்?"

"நல்லா இருக்கு" என்றேன். "டூல் கம்பெனியை மாத்திப் பாரு."

அவன் நிம்மதியாக மூச்சு விட்டான். நன்றி மச்சான் என்று இரண்டு கையாலும் என் கையைப் பிடித்தான். டூல் கம்பெனியை மாற்றினான். இன்னும் பதின்மூன்று நாள் வெட்டினார்கள். பதின்மூன்று நாளும் என் மேசைக்கு ஒரு இருமல் வந்தது. பதின்மூன்றுக்கும் எண் குத்தினேன்.

அவன் கேட்டான், நான் சொல்லவில்லை. உண்மைதான். ஆனால் அவன் கேட்டது காதை. முறையை அல்ல. 'இது உங்க முறை மச்சான், என்ன தப்புன்னு சொல்லுங்க' என்று கேட்டிருந்தால் அந்த நிமிடமே சொல்லியிருப்பேன். இந்த வித்தியாசம் எல்லாருக்கும் புரியும் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

ஐந்து மாதம் கழித்து ஹெலிகாப்டர் மலைச்சரிவில் விழுந்தது. டீ இடைவேளையில் செய்தி வந்தது. உடைந்த போல்ட்டின் எண் அறிக்கையில்தான் தெரிந்தது. பார்த்ததும் எனக்கு நாள் தெரிந்துவிட்டது. அந்த எண்ணைக் குத்தும்போது வெளியே மழை பெய்துகொண்டிருந்தது.

எட்டரைக்குக் கதவைத் திறந்தார்கள். விசாரணை அதிகாரி என் வயதுப் பெண்மணி. கண்ணாடியைத் தலைமேல் ஏற்றிவிட்டு மேசையெல்லாம் தேடிக்கொண்டிருந்தார். தலையில் இருக்கிறது என்று சொன்னேன். சிரித்தார். அதனால் பேச்சு சுமுகமாகவே தொடங்கியது.

"நாற்பத்தொண்ணாம் பக்கம்" என்றேன். "ஆறாவது வரி. அதைத் திருத்தணும்."

படித்துப் பார்த்தார். "முறையைக் கண்டுபிடிச்சது யாருங்கிறது இந்த விசாரணைக்குச் சம்பந்தமில்லைங்களே. வேணும்னா ஒரு மனு எழுதிக் கொடுத்துட்டுப் போங்க."

"சம்பந்தம் இருக்கு மேடம். கண்டுபிடிச்சவனுக்குத்தான் அது எங்க கெடும்னு தெரியும். அவனுக்குத் தெரியாது. செய்முறைத் தாளை அவன் தப்பா எழுதினான். தப்புன்னு எனக்குத் தெரியும்."

"எப்பத் தெரியும்?"

"எழுதின அன்னைக்கே."

அவர் எழுந்து போய்க் கதவைச் சாத்தினார். திரும்பி வந்து உட்கார்ந்தார். அதன்பின் கண்ணாடியைக் கழற்றவே இல்லை.

மேலே நான் சொன்னதையெல்லாம் அதே வரிசையில் அவரிடம் சொன்னேன். அவர் குறுக்கே பேசவில்லை. ஒரே ஒரு இடத்தில் மட்டும் கேட்டார்.

"அவர் உங்களை வந்து கேக்கச் சொன்னது எத்தனாவது நாள்?"

"பத்தொன்பது."

"உடைஞ்சது எத்தனாவது நாள் போல்ட்?"

"இருபத்து மூணு."

எழுதிக்கொண்டார். பேனா காகிதத்தில் கொஞ்சம் அழுந்தியது.

அப்புறம் அவர் நிலைமையை எனக்கு விளக்கினார். மரியாதையாகத்தான் விளக்கினார். எங்கள் போல்ட் பூட்டிய முப்பத்தொன்பது ஹெலிகாப்டரையும் தரையில் நிறுத்தி வைத்திருக்கிறார்கள். எது கெட்டது என்று வெளியிலிருந்து எந்தக் கருவியாலும் பார்க்க முடியவில்லை. அறுத்தால்தான் தெரியும், அறுத்தால் போல்ட் போய்விடும். புது போல்ட் வர நான்கு மாதம் ஆகும். அதுவரை மலையிலும் தீவிலும் இருக்கிறவர்களைத் தூக்கிவர ஆள் இல்லை.

"நேத்து ஒரு குழந்தை" என்று தொடங்கி நிறுத்தினார். "கெட்டது எதெதுன்னு உங்களுக்கு நிஜமாவே தெரியுமா?"

"நான்தானே எண் குத்தினேன்."

"ஞாபகம் இருக்கா?"

"எல்லாம் இருக்கு. முதல்ல அந்த வரி."

அவர் என்னை ஒரு நிமிடம் பார்த்தார். எனக்கு அவசரம் இல்லை. அவருக்குத்தான் இருந்தது. கணினியைத் தன் பக்கம் திருப்பி, பழைய வரியை அழித்து, புதிதாக ஒன்றை அடித்தார். திரையை என் பக்கம் திருப்பினார். 'இம்முறையைக் கண்டறிந்தவர், நிறுவனத்தில் பணிபுரிந்த லேத் டர்னர்.' எழுத்துப்பிழை இல்லை. 'பணிபுரிந்த' என்பதற்குப் பதில் 'முப்பத்தோரு ஆண்டு பணிபுரிந்த' என்று போடச் சொன்னேன். போட்டார்.

அந்த நேரத்தில் தங்கை கதவைத் தட்டி எட்டிப் பார்த்தாள். கையில் ஃபிளாஸ்க்கின் மூடியில் காபி.

"அண்ணா, காலையில இருந்து பச்சைத்தண்ணி குடிக்கல நீ. எல்லாம் நல்லபடியாப் போகுதா?"

"நல்லாப் போகுது பாப்பா."

"அவரை விட்டுடுவாங்களா?"

அதிகாரி என்னைப் பார்த்தார். நான் காபியை வாங்கிக்கொண்டேன். "விட்டுடுவாங்க."

"நீ இல்லைன்னா நாங்க நடுத்தெருவுலதான் நின்னிருப்போம்" என்றாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு கதவை மெதுவாகச் சாத்திவிட்டுப் போனாள். காபி ஆறவில்லை. நல்ல சூடு.

அதிகாரி ஒரு வெள்ளைத் தாளை எடுத்து வைத்துக்கொண்டார். பேனாவைத் திறந்தார்.

"சொல்லுங்க."

இதை எப்படி விளக்குவது என்று தெரியவில்லை. எண் குத்தும் அறைக்குப் போனபின் என்னை யாரும் எதுவும் கேட்டதில்லை. பெட்டி எங்கே என்று கேட்பார்கள். பஞ்சு தீர்ந்துவிட்டதா என்று கேட்பார்கள். இப்போது படித்த ஒரு பெண்மணி, அரசாங்க நாற்காலியில் உட்கார்ந்து, பேனாவைத் தாள்மேல் வைத்து, என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். வெளியே இரண்டு பேர் தொலைபேசியோடு நின்றார்கள், நான் சொல்லும் எண் எந்த ஊரில் எந்த ஹெலிகாப்டரில் இருக்கிறது என்று தேட. நான் ஒரு எண் சொன்னால் எங்கோ ஒரு ஊரில் ஒருவன் ஏணியோடு ஓடுவான்.

"நாலாயிரத்து மூணு" என்றேன்.

நிதானமாகச் சொன்னேன். ஒவ்வொன்றுக்கும் இடையில் ஒரு வாய் காபி. அவர் திருப்பிச் சொல்லிச் சரிபார்த்தார், நான் தலையாட்டினேன். பதினைந்தாவதில் காபி தீர்ந்துவிட்டது. அவரே எழுந்து தண்ணீர் கொண்டுவந்து வைத்தார். "மெதுவா, யோசிச்சே சொல்லுங்க ஐயா" என்றார். அலுவலகத்துக்குள் நுழைந்தபோது நான் 'ஐயா' இல்லை.

பத்தொன்பதாம் நாளுடையதைச் சொல்லும்போது எனக்கு அந்தச் சத்தம் நினைவுக்கு வந்தது. அதையும் சொல்லிக் காட்டினேன், பட்டு கிழிவது எப்படி, பல் கடிப்பது எப்படி என்று. அவர் அதை எழுதிக்கொள்ளவில்லை.

கடைசி எண்ணைச் சொல்லிவிட்டு நாற்காலியில் சாய்ந்தேன். எண்கள் தீர்ந்தால் கேள்விகளும் தீர்ந்துவிடும். பேனாவை மூடுவார். தண்ணீர் டம்ளரை எடுத்துக்கொண்டு போவார்கள். என்னை வேறொரு அறைக்குக் கூட்டிப் போவார்கள், அங்கே வேறு யாராவது வந்து, வேறு எதையாவது கேட்பார்கள், என் வேலையைப் பற்றி இருக்காது. எனக்கு அது தெரியாமல் இல்லை.

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

"அப்போ இதையெல்லாம் கழட்டிட்டு, மத்த ஹெலிகாப்டரைப் பறக்க விட்டுடலாம். உங்க வார்த்தையை நம்பித்தான் விடுறேன்."

"தாராளமா விடலாம், மேடம்."

அவர் தொலைபேசியைக் கையில் எடுத்தார். ஏதோ நினைத்துக்கொண்டு கீழே வைத்தார். அலமாரியைத் திறந்து எங்கள் பட்டறையின் தினப் பதிவேட்டை எடுத்தார். லேத் ஓடிய ஒவ்வொரு நாளுக்கும் அதில் ஒரு வரி இருக்கும். என் கையெழுத்தில் இல்லை, மாப்பிள்ளையின் கையெழுத்தில். ஒவ்வொரு வரியாகப் பேனாவால் தொட்டுக்கொண்டே போனார். அப்புறம் நான் சொன்ன எண்களை மேலிருந்து கீழாகத் தொட்டார். மறுபடி ஒரு தடவை கீழிருந்து மேலாகத் தொட்டார்.

நான் திரையில் அந்த வரியைப் படித்துக்கொண்டிருந்தேன்.

"லேத் ஓடினது முப்பத்திரண்டு நாள்" என்றார். "நாளுக்கு ஒண்ணு கெட்டுச்சுன்னு நீங்கதான் சொன்னீங்க. உடைஞ்சது போக முப்பத்தொண்ணு வரணும். இதுல முப்பதுதான் இருக்கு. இன்னும் ஒண்ணு எங்க, ஐயா?"